முன்னால் போன மொபெட்

"ஊது, இன்னும் ஊது, வுடாதே!" என்று டாக்டரம்மா விரட்ட, மூச்சை அளக்கும் அந்தக் குழாயில் நானும் ஊதித்தான் பார்த்தேன். பாதியிலேயே இருமல் வந்து தொலைத்தது.

"நுரையீரல் இப்படி இருந்தா வீல்சேர் ரேஸுக்கு நான் ஒத்துக்க மாட்டேம்மா."

மாநிலப் போட்டிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மெஷினையே தூக்கி வீசியிருப்பேன்.

"வூட்ல யாராச்சும் பீடி, சிகரெட்டு?"

கூட வந்த அண்ணன் துள்ளினான். அவனுக்கு நான் எப்பவும் பாப்பாதான். "ஊதுபத்தி கூட ஏத்தறதில்லீங்க மேடம், பாப்பாவுக்கு ஆவாதுன்னு!"

"ரேஸுக்கு எங்க பழகறா?"

"பாப்பாரப்பட்டி மெயின் ரோட்டுலதாங்க. நான் மொபெட்ல முன்னாடி போவேன், பாப்பா பின்னாடியே ஒட்டிக்கிட்டு வரும். ஒரு லாரி கிட்ட நெருங்க முடியாதுங்க!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

எனக்குப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. ரேஸ் வண்டியில் குனிந்து உட்கார்ந்தால் என் மூக்குக்கு நேரே அவனுடைய ஓட்டை மொபெட்டின் புகைக்குழாய். தினமும் லாரியிடமிருந்து காப்பாற்றி, தன் புகையை எனக்கு ஊட்டியிருக்கிறான் மகராசன்!

"அண்ணா, உன் வண்டி சைலன்சர் எந்த உயரத்துல இருக்குது?"

யோசித்தான். முகம் சுண்டிப்போனது. "அய்யய்யோ!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். திட்ட வாயெடுத்த நான், அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்து, புகை இல்லாத இடத்தில் பழகிவிட்டு மறுபடியும் வரச் சொன்னார்.

மறுநாளே அண்ணன் சைக்கிளில் வந்தான். வயல் பக்கத்து ரோடு, லாரி கிடையாது. முதலில் அவன்தான் முன்னால் போனான். போகப்போக எனக்கு மூச்சு கூடியது, அவனுக்கு வாங்கியது.

"மெதுவா போ பாப்பா, உசுரு போவுது!"

"நீதான பைலட்டு? முன்னாடி வா!" என்று சிரித்தபடி தாண்டிப் போவேன். சிரித்தாலும் இருமல் வரவில்லை.

அடுத்த முறை ஒரே மூச்சில் ஊதி முடித்தேன். டாக்டரம்மா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போயி ஜெயிச்சுட்டு வா."

போட்டியில் கடைசி வளைவைத் தாண்டித் தலையைத் தூக்கினேன். எனக்கு முன்னால் மொபெட் இல்லை, சைக்கிள் இல்லை, ஒருத்தர்கூட இல்லை. வெறும் ரோடு. கோட்டைத் தொட்டதும், "அண்ணா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அவ்வளவு மூச்சு அப்போதும் மிச்சமிருந்தது.