தலைமைக் குருவின் ஒரு வரி

பாஸ்கா நோட்டு ஐப்பசி மழையில் ஊறிப்போனதால்தான் அது என் கைக்கு வந்தது. தவக்காலத்தில் எங்கள் ஊரில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவார்கள். அதற்குப் பாஸ்கா என்று பெயர். வசனம் முழுவதும் ஒரே ஒரு கையெழுத்து நோட்டில்தான் இருந்தது. தஞ்சாவூரில் முதுகலை இலக்கியம் படிப்பவள் என்பதால், எழுத்து அழிவதற்குள் அதைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை நாடகத்தை நடத்துபவர் என்னிடம் கொடுத்தார். அவர் வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கிறார். தவக்காலத்தின் நாற்பது நாளும் அவர் ஊருக்கு வாத்தியார். பிறகு மறுபடியும் உரக்கடைக்காரர்.

விடுதி அறையில் தட்டச்சு செய்தபோது, ஒரு பிழை நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வருவதைக் கண்டேன். இயேசுவுக்கு எதிராக நின்ற அனைவரையும் அது பரிசேயர் என்றே அழைத்தது. ஆண்டுதோறும் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரிச் சிவப்புத் தலைப்பாகையில் மேடையேறி, ஒரே குரலில் கூச்சலிட்டு இறங்கியதற்கு அதுவே காரணம். அந்தப் பருவத்தில் என் கருத்தரங்கக் கட்டுரை இயேசு காலத்து யூதச் சமயப் பிரிவுகளைப் பற்றியது. பிழையைப் பார்த்த பிறகு அப்படியே விட மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் உரக்கடைக்குப் போய் வாத்தியாரிடம் சொன்னேன். என் தாய்மாமாவும் அங்கே இருந்தார். தலைமைக் குரு வேடம் மூன்று தலைமுறையாக மாமா வீட்டுக்கு உரியது.

"எல்லாம் ஒரே கும்பல்தான பாப்பா? சாமியப் புடிச்சுக் குடுத்த பயலுவ," என்றார் வாத்தியார்.

நான் விளக்கினேன். பரிசேயர் அன்றாட வாழ்வின் ஒவ்வோர் அசைவையும் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றவர்கள். இறந்தவர் ஒருநாள் எழுவர் என்று நம்பியவர்கள். சதுசேயர் கோயிலை ஆண்ட குருக்குடும்பத்தார்; இறந்தவர் எழுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. தலைமைக் குரு இந்தக் கட்சி. எசேனியரோ, கோயிலே கெட்டுவிட்டதென்று சொல்லிப் பாலைநிலத்துக்குப் போய்விட்டவர்கள்.

"துபாய் போனவனுவன்னு சொல்லு," என்றார் மாமா.

"இல்ல மாமா, இவங்க திரும்பி வரல."

"நம்மூர்லயும் பாதிப் பேரு வரலியே."

வாத்தியார் சிரித்தார். "ரெண்டு தெரு சேந்து ஒரு கமிட்டி போட முடியல நம்மளால. அவனுவ மட்டும் எப்படி ஒத்துமையா இருந்திருப்பானுவ? பாப்பா சொல்றது சரிதான். எழுதிக் குடு."

விடுமுறை முடிவதற்குள், யூதத் தலைவர்களின் சங்கம் கூடும் காட்சியைப் புதிதாக எழுதினேன். நான்கு நாள் கல்லறையில் கிடந்த ஒருவனை இயேசு எழுப்பிய செய்தி சங்கத்துக்கு எட்டுகிறது. தலைமைக் குரு அதை ஏற்க மறுக்கிறார்: "மண்ணுக்குப் போனவர் திரும்புவதில்லை. அவர்களை நாம் இனி எங்கும் காணப்போவதில்லை." பரிசேயர் தலைவர் எழுந்து மறுத்துப் பேசுகிறார். ஒரே மேடையில் இரண்டு கட்சிகளும் முதல் முறையாகத் தனித்தனியே தெரிந்தன. எனக்கு நிறைவாக இருந்தது.

தை மாதம், அறுவடை இயந்திரம் மாமாவின் வயலில் இறங்கிய வாரத்தில், மாமாவின் மனைவி, என் அத்தை, இறந்துபோனார். காய்ச்சல் என்று திருவாரூருக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிற்பகல், பள்ளிக்கூட வராந்தாவில் ஒத்திகை தொடங்கியது. சங்கக் காட்சியில் மாமா தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்து, 'மண்ணுக்குப் போனவர்' என்ற இடத்தில் நின்றார்.

"தலைமைக் குருவே, சொல்லுங்க," என்றார் வாத்தியார், தன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா தாளை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

குழாயடிக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வரியை எழுதியவள் நான். இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது. இடையில் ஒருமுறைகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

பரிசேயர் தலைவராக நடிப்பவர் தெற்குத் தெருக்காரர். நெல் லாரி ஓட்டுகிறார். "மச்சானுக்கு இந்த வருசம் முடியாது போலருக்கு. அங்கிய என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க, நான் போட்டுக்கிறேன்."

"அப்ப பரிசேயன் யாரு?"

"எந்தம்பி இருக்கான்ல?"

எங்கள் ஊரில் வேடத்துக்கான உடை அந்தந்த வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஒரு வருடம் உடை வேறு வீட்டுக்குப் போனால், வேடமும் அந்த வீட்டோடு போய்விடும். திரும்பிய வழக்கம் இல்லை. கேட்டவருக்கும் அது தெரியும், வாத்தியாருக்கும் தெரியும்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்க மாமாட்ட கேட்டுச் சொல்லு பாப்பா," என்றார் வாத்தியார் என்னிடம்.

மறுநாள் அந்த வரியை நீக்கி, ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். உளுந்து வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்தார். அங்கி கொடியில் கிடந்தது. அந்துருண்டை வாசனை வாசல் வரை வந்தது. அதை வெயிலில் போட்டுத் தேய்த்து மடிப்பது அத்தையின் வேலை. இந்த வருடம் மாமா அதை மடிப்புக் கலையாமலே கொடியில் போட்டிருந்தார்.

"மாமா, அந்த வரிய எடுத்துட்டேன்."

வாங்கிப் படித்தார். "இப்ப அந்தாளு என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. நேரா புடிச்சிட்டு வாங்கன்னு உத்தரவு போட்டுர்றார்."

"நெசத்துல அவன் அப்படித்தான் நம்புனானா?"

"அவங்க கட்சியே அப்படித்தான் மாமா."

"பொண்டாட்டி செத்தாலுமா?"

அதைப் பற்றி எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஆனால் கொள்கை விதிவிலக்கு எதையும் வைத்திருக்கவில்லை. "ஆமா மாமா," என்றேன்.

மாமா கொடியருகே போய் அங்கியை உதறினார். மடிப்பு அப்படியே நின்றது.

"பாவம்ல அவன்," என்றார். "இத்தன வருசமா வெறும் கெட்டவன்னு நெனச்சுக் கத்திக்கிட்டு இருந்திருக்கேன்." பிறகு கையை நீட்டினார். "பழைய தாளையே குடு."

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு மாலை, உளுந்து பறித்து முடித்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். தலைமைக் குரு வந்தாலே முன்வரிசைப் பிள்ளைகள் ஊளையிடுவது வழக்கம், அன்றும் ஊளையிட்டார்கள். மாமா அவர்கள் அடங்கும்வரை நின்றார். அந்த வரியை அவர் கத்தவில்லை. ஒலிபெருக்கியில் அரைகுறையாகத்தான் கேட்டது. சொல்லிவிட்டுப் பரிசேயர் தலைவரின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

லாரிக்காரர் தன் பதிலை ஒரே மூச்சில் சொன்னார்: "எழுவர். நாம் அவர்களைக் காண்போம்." அடுத்து, "போதும்" என்று தலைமைக் குரு அவரை அடக்க வேண்டும். ஒத்திகைகளில் மாமா அந்தச் சொல்லை எப்போதும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அன்று சொல்லவில்லை, இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் வாத்தியார் நின்ற திரைப்பக்கம் திரும்பினார். "போதும்... போதும்னு சொல்லுங்க," என்ற வாத்தியாரின் குரல் முதல் வரிசையிலிருந்த எனக்கே கேட்டது. இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் மாமா அதைச் சொன்னார்.

மறுநாள் காலை அங்கியை மடிக்க நான் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து பிடித்தபடி மாமா சொன்னார்:

"அடுத்த வருசம் அந்தப் பரிசேயனுக்கு இன்னும் நாலு வரி சேத்து எழுது பாப்பா. சட்டுன்னு முடிச்சிடுறான்."