கம்புக்குள் துவரை

ஆடிக் கடைசியில் கம்பு விதைக்கும்போதே நிலத்துக்காரர் அனந்தராமன் கறாராகச் சொல்லிவிட்டார். "இதோட சரி, தேசம்மா. கார்த்திகையில பூமிபூஜை. கம்பை எடுத்துண்டு நிலத்தை விட்டுடணும்."

"சரி சாமி" என்று தலையாட்டியவள், அன்று சாயங்காலமே கம்பு வரிசைகளுக்கு நடுவே துவரையை ஊன்றினாள். துவரை முற்றத் தை மாதம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முனியனுக்கு வாழ்க்கைப்பட்டு ஊரூர் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் கம்பைத் தனியாக விதைத்ததே கிடையாது. கம்பு கஞ்சிக்கு, துவரை வருஷம் முழுக்கக் குழம்புக்கு. மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றது நிற்கும். வாய் சரி என்றது, கை கேட்கவில்லை.

முனியன் பெசன்ட் நகரில் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்குச் செங்கல் சுமப்பவன். "நான் வூடு கட்டிக்கினு கீறேன். நீ வூடு கட்டப்போற எடத்துல திருட்டுப் பயிர் வெக்கிற. ஐயிரு பாத்தா இன்னா சொல்லுவ?"

"பாத்தாத்தானே?"

கம்பு ஆளுயரம் வளர்ந்து துவரையை மறைத்தது. ஐப்பசி கடைசியில் கதிர் முற்றியது. தட்டையோடு அறுத்தால் இடுப்பளவுத் துவரை வெட்டவெளியில் நிற்கும். அதனால் கதிரை மட்டும் கொய்துகொண்டு தட்டையை நின்றபடியே விட்டாள். தட்டை காயவில்லை என்று சாக்குச் சொல்லிப் பூஜை நாளைத் தட்டிவிட்டால் போதும். மார்கழியில் ஐயர் வீட்டில் கட்டட வேலையைத் தொடமாட்டார்கள். தை வரை துவரை பிழைத்துக்கொள்ளும்.

மழை விடாமல் பெய்தது. மயிலாப்பூரில் எருமை வைத்திருந்த பாண்டுரங்கன், வருஷா வருஷம் தட்டை வாங்குகிறவன், வந்து ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தான்.

"கறுத்துப்பூடுச்சேம்மா. இத்த எரும மோந்துகூடப் பாக்காது." தட்டையை விலக்கியவன் நிமிர்ந்தான். "அட, உள்ளாற தனிக் குடித்தனம் நடக்குதா?"

"மெதுவா பேசு நைனா."

"ஐயிரு வூட்டுக்கு நான்தான் பால் ஊத்தறேன். தெரியுமில்ல?"

விளையாட்டுக்குச் சொன்னானா, மிரட்டினானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அனந்தராமன் குடையோடு வந்து நின்றார்.

"இன்னும் தட்டையை அறுக்கலையா?"

"ஈரமா கீது சாமி. காயட்டும்னு..."

"ஈசானிய மூலை எது, காட்டு." பதிலுக்குக் காத்திராமல் உள்ளே நடந்தார். அவள் முந்திப்போய் வழி மறிப்பதற்குள் துவரங்கிளை ஒன்று அவர் வேஷ்டியில் மாட்டியது. மஞ்சள் பூ ஒன்று உதிர்ந்து செருப்பின்மேல் விழுந்தது.

"பால்காரன் சொன்னப்போ நான் நம்பலை. காய் எப்போ எடுப்பே?"

"தை, சாமி."

"பூஜைக்கு இந்த மூலையில ஒரு குழி, நாலு செங்கல். அவ்வளவுதான். பாக்கி வேலை தையிலதான். இதுக்கா தட்டையை மழையில அழுக விட்டே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே." குடையை மடக்கியவர் மறுபடி விரித்தார். "ஆனா செங்கல் லாரி வந்துட்டா ஒரு நாள்கூட நிறுத்தமாட்டேன். சொல்லிட்டேன்."

அவர் போனதும் மூலையில் பூத்து நின்ற செடிகளை அவளே பிடுங்கினாள்.

பொங்கல் கழிந்த வாரம் லாரி வந்தது. பாதி வரிசை அறுத்தாகிவிட்டது, மீதியில் காய் இன்னும் முழுக்கக் காயவில்லை. செங்கல் இறக்க வந்தவர்களில் முனியனும் இருந்தான். தேசம்மா அரிவாளோடு ஓடினாள்.

"இன்னாத்துக்கு ஓடற?" முனியன் முதல் சுமையை வெறும் மண்ணாகக் கிடந்த ஈசானிய மூலையில் இறக்கினான். "இங்கேர்ந்து அடுக்கிக்கினு வரேன். மேஸ்திரி கத்தினா நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கம் அறு."

செங்கல் அடுக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தது. தேசம்மா திரும்பிப் பார்க்காமல் அறுத்தாள்.