முதல் பரிசோதனைக்குப் பிறகு

கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து என்னைத்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போனார்கள். கடலூர், பாண்டிச்சேரி, பிறகு சென்னை. கருக்குழாயில் மருந்தேற்றிப் படம் எடுத்த அன்று வலியில் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடந்தேன். வெளியே மாமியார் காத்திருந்தார், கணவருக்கு ஷிப்ட். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் எனக்குக் குறையில்லை, அவரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார்கள். வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறார். சூட்டிலும் தூசியிலும் வேலை செய்யும் ஆண்களுக்குக் குழந்தைப்பேறு பாதிக்கப்படுகிறதா என்று ஆராய ஒரு மருத்துவக் குழு எங்கள் சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்தது. குழந்தையில்லாத தம்பதிகள் வேண்டும் என்றார்கள். பக்கத்து பிளாக்கிலிருந்து சிலர் போனது தெரிந்த பிறகே இவர் சம்மதித்தார்.

குழுவின் மருத்துவர் என் வயதுப் பெண். எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அவருடைய விந்தணுக்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சரியாக நகரவில்லை என்றார். வேலைதான் காரணமா என்று இப்போது சொல்ல முடியாது, அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு வாருங்கள், சிகிச்சையும் உண்டு என்றார். திரும்பி வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கணவர் "அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகத்தான் அழுதேன்.

அடுத்த மாதம் கம்மாபுரத்தில் நாத்தனாருக்கு வளைகாப்பு. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"நீ அந்தாண்ட உக்காரும்மா. புள்ள பெத்தவங்க பூசிக்கினு இருக்காங்க இல்ல?"

கணவரைப் பார்த்தேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறை எங்கிட்ட இல்ல அத்தை. உங்க மகனைக் கேளுங்க" என்றேன்.

மாமியார் மகனிடம் திரும்பி, என்ன சொல்கிறாள் இவள் என்று கேட்டார். அவர் தலை நிமிரவில்லை.

"அப்படில்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஏதோ கோவத்துல பேசுறா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மலடி மட்டுமல்ல, புருஷன்மேல் பழி போட்டவளும் ஆனேன்.

அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. நான் தனியாகப் போனேன். மருத்துவர் தயக்கத்தோடு, "நீங்க மட்டும் வந்தா ஆய்வுக்குப் பயன்படாதுங்க" என்றார். முதல் முடிவைக் கேட்டதுமே பாதி ஆண்கள் நின்றுவிட்டார்களாம். ஷிப்ட் மாற்றம், உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். அவர்களுடைய மனைவிகளும் எங்கேயோ தள்ளி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்களில் குழுவும் போய்விட்டது. சூடா, தூசியா, வேறு ஏதாவதா என்பது தெரியாமலே போனது.

நாங்கள் இப்போதும் அதே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். போன வாரம் மாமியார் விழுப்புரத்தில் ஒரு நல்ல டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார். கணவர் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு லீவு கிடைக்காது, நீ அம்மாவோடு போய் வா என்றார். அவர் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, போக முடியாது என்றேன். ஏன் என்று இருவருமே கேட்கவில்லை.