மாற்றிக்கொண்ட பிள்ளைகள்

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில், தகரக் கொட்டகை போட்டு எங்கள் வட்டாரத்துக்காரர்கள் நடத்தும் இயற்கை மையம் ஒன்று உண்டு. பங்குனியில் வண்ணத்துப்பூச்சி, ஆடியில் ஆறு, மார்கழியில் பறவை என்று பருவத்துக்கு ஒரு குடும்ப நிகழ்ச்சி. அங்கே யாரும் தன் பிள்ளையோடு நடக்கக் கூடாது. இன்னொருவர் பிள்ளையோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பெற்றவர் காட்டினால் எந்தப் பிள்ளையும் தட்டானைப் பார்க்காது என்பது அதை நடத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியையின் முடிவு. என் வீட்டு நிலவரமும் அதுதான் என்பதால் நான் மறுக்கவில்லை.

அந்த ஆடி ஞாயிறு காலை, ஒன்பது வயது மகளைத் திருவெறும்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் ஒப்படைத்தேன். அவருடைய ஆறு வயதுப் பெண் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் மணலில் இறங்கி நாணலுக்குள் போய்விட்டார்கள். நான் கரையிலேயே நின்று மருதமரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். படித்ததைக் கேட்க ஆள் கிடைத்தால் நான் வயது பார்ப்பதில்லை.

"அங்கிள், இதுல புங்கைனு போர்டு போட்டிருக்கு."

பதில் தேடிக்கொண்டிருந்தபோது கரைச் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. "கொள்ளிடத்துல தண்ணி திறந்து விட்டிருக்கு. ஆத்துக்குள்ள இருக்கிறவங்க உடனே மேல வந்துடுங்க!"

பேராசிரியை விசில் ஊதினார். நாணலுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். என் மகள் வரவில்லை. ஆற்றின் நடுவே நூலாகக் கிடந்த தண்ணீர் அகலமாகிவிட்டதுபோல் இருந்தது. அகலமானது தண்ணீரா, என் கண்ணா, இன்றுவரை தெரியாது.

"இங்கயே நில்லு கண்ணு. அசையக் கூடாது. அங்கிள் இதோ வந்துடறேன்."

அவள் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் இறங்கினேன். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஓடினேன். பஸ்ஸுக்குக்கூட ஓடாத உடம்பு. ஒரு செருப்பு மணலில் போயிற்று. மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் கீச்சென்று யாருடையதோபோல வந்தது. காலில் ஈரம் பட்டது. பழைய குட்டையா, புதுத் தண்ணீரா என்று நின்று ஆராயவில்லை.

நாணல் விலகியது. அந்த அம்மா என் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தார். "உள்ள வழி தப்பிட்டோம் சார். ஆனா இவ கையை மட்டும் நான் விடவே இல்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"பாப்பா எங்க சார்?"

"மேல நிக்கிறா. பத்திரமா."

"யார்கிட்ட?"

நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன். அவர் என் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். மகள் கண்ணெதிரே உயிரோடு போகிறாள். ஆனாலும் முன்பைவிட வேகமாகப் பின்னால் ஓடினேன். மேலே சாலை. வண்டிகள். சரிவில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஆறு வயது.

நான் நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே அந்தச் சின்னப் பெண் நின்றாள். பாதத்தில் செவ்வெறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. "அசையக் கூடாதுன்னு அங்கிள் சொன்னாங்கம்மா" என்றாள், அழுதபடி.

அந்த அம்மா உட்கார்ந்து எறும்புகளைத் தட்டிவிட்டார்.

"வா, போலாம்" என்று மகளிடம் கையை நீட்டினேன். அவள் அந்த அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.