மனுவேல் மாமாவின் வெறும் கதிரைகள்

கமரா பூட்டுகிற தொழிலில் காசு தருகிறவர் ஒரு நாட்டில் இருப்பார், படத்தில் விழுகிறவர் இன்னொரு நாட்டில் இருப்பார், இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குகிறவன் ஏணியில் நிற்பான். ஏணியில் நிற்பவன் நான்தான். மன்னார் டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கள்ளருக்குப் பயந்து கமரா பூட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. தாய் தகப்பனை நினைத்துப் பயந்து பூட்டுகிறவர்கள்தான் கூட. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரில் இருக்கும் கிழடுகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். உங்களுக்கும் ஊரில் ஒரு தகப்பன் இருந்தால், அல்லது நீங்களே அந்தத் தகப்பனாக இருந்தால், இதில் பாதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பயம் மட்டும் என் கதையில் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி.

சுவர் பேசியது

எருக்கலம்பிட்டி மீரான் நானா, சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, போய் இருந்த புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டுக் கடைசியில் தனியாகத் திரும்பியவர். இதுதான் பிறந்த ஊர் என்று அவர் சொல்ல, நாங்கள் பிறந்தது புத்தளத்தில் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். வந்த இடத்தில் ஸ்கூட்டரோடு ஒருதரம் விழுந்தும் விட்டார். இனி ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று மூத்த மகன் கட்டளை போட்டான். கூடவே விறாந்தையில், தான் போனில் சொல்வது அங்கே கேட்கிற மாதிரி, பேசுகிற கமரா ஒன்றும் பூட்டச் சொன்னான்.

பூட்டி முடித்தேன். நானா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். நல்ல பட்டப்பகல். வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே, "வாப்பா, அந்தக் கதவைச் சாத்துங்கோ" என்று ஒரு குரல். நான் பூட்டிய சாமான், நானே இணைத்துவிட்ட குரல். இருந்தும் மயிர் கூச்செறிந்தது. என் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தியது. நானா திரும்பி வந்து கமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போய்க் காதுக்குள் கேட்டார்: "தம்பி, இது இப்ப முழிச்சிருக்கா, நித்திரையா எண்டு நான் எப்பிடி அறியிறது?"

கொக்கி

அடுத்தது தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊர். மனுவேல் மாமா வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர், மனைவி இறந்தபிறகு தனி. ஒரே மகன் ஜூட் ரொறன்ரோவில். நான் அதே மாதிரிப் பேசுகிற கமரா ஒன்றுக்கு முன்சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்க, கீழே போனில் தகப்பனும் மகனும் காரசாரமாகப் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனைச் சத்தமாகப் போட்டிருந்தபடியால் அந்த வழக்குக்கு நானும் சாட்சியானேன்.

"எங்கட காலத்தில இந்தப் படலைக்குக் கொக்கியே இல்லை. ஆரும் வருவினம், ஆரும் போவினம். உங்கட ஆக்களுக்குத்தான் எல்லாத்தையும் பூட்டோணும்."

"அப்பா, அந்தக் காலம் முடிஞ்சுது. இப்ப ஆரும் ஆற்ற வீட்டையும் போறேல்லை. உங்களிட்டயும் ஒருத்தரும் வாறேல்லை. அந்தக் காலம், அந்தக் காலம் எண்டுறியள். அந்தக் காலத்திலதானே ஏழு வயசில என்னைச் சித்தியோட வள்ளத்தில ஏத்தி இராமேஸ்வரத்துக்கு அனுப்பினனீங்கள்? நான் குழறினது ஞாபகம் இல்லையே?"

நான் துளை போடுவதை நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மகன் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தை வர்ணிக்கும்போது ஷெல்லடியையும் வள்ளத்தையும் லேசாகத் தாண்டிப் போய்விடுவார்கள். மாமா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு, சற்றுமுன் கொக்கியே இல்லை என்று சாதித்த அதே வாயால் சொன்னார்: "அண்டைக்குத்தான், மகன், நான் கொக்கியைக் கழட்டினனான். நீ எப்ப திரும்பி வருவாய் எண்டு தெரியாதெல்லே."

கதிரையில் இருப்பது யார்

ஒரு மாதம் போனது. சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஒரு காலை ஜூட் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். முதல்நாள் பின்னேரம் பிடித்த படம். நாலு மணிக்கு மாமா முற்றத்துக்கு மூன்று பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவருகிறார். தோளில் கிடந்த துவாயால் ஒவ்வொன்றையும் துடைக்கிறார். ஒன்றில் தான் இருந்துகொள்கிறார். மற்ற இரண்டும் வெறுமனே கிடக்கின்றன. மாமா கமராப் பக்கம் பார்த்துக் கதைக்கிறார், கையைக் காலை ஆட்டுகிறார், தொடையில் அடித்துச் சிரிக்கிறார். என்ன கதைக்கிறார் என்று கேட்கவில்லை. காற்று மைக்குக்குள் ஊளையிடுகிறது.

பிறகு எழும்பிப் போய்த் தட்டில் மூன்று தேநீர்க் கோப்பை கொண்டுவருகிறார். தன்னுடையதைக் கதிரையில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் படத்தின் கீழ்விளிம்புவரை கொண்டுபோகிறார். வெறுங்கையோடு திரும்பி வருகிறார். கொஞ்ச நேரத்தால் அந்தக் கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழும்பி, கமராவின் கண்ணுக்கு முன்னால் சுழன்று போகிறது. கடைக்குள் வெயில் எரிந்துகொண்டிருந்தது, எனக்கோ முதுகு குளிர்ந்தது. எல்லா நாளும் இதுதான் நடக்கிறது என்றான் ஜூட். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டிருக்கிறேன், வீட்டைப் பூட்டிவிடலாம் என்றான். அதெல்லாம் தைரியமாகத்தான் சொன்னான். போனை வைப்பதற்கு முன் குரல் இறங்கிவிட்டது: "அண்ணை, ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். அந்தக் கதிரையளில இருக்கிறது ஆர்?"

சுவரடியில்

போனேன். போகாமல் இருக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். படலை திறந்து கிடந்தது. முற்றத்தில் மாமா மட்டும், பக்கத்தில் இரண்டு வெறும் கதிரை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அதே நேரம் கமராவுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டியபடி யாரோ இருமினார்கள்.

கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிகளில் இரண்டு கிழவர்கள். ஒருவர் மாமாவோடு தொழில் செய்த சந்தியோகு. வாயில் பீடி. மற்றவர் நம்முடைய மீரான் நானா! அவருடைய ஸ்கூட்டர் பக்கத்து வளவுக்குள் சாக்கு மூடிக் கிடந்தது. கமரா பூட்டிய முதல் கிழமை அவர்கள் கதிரையில்தான் இருந்திருக்கிறார்கள். சந்தியோகு பீடி குடிப்பதை ரொறன்ரோவில் கண்ட ஜூட், பாரிசில் இருக்கும் அவருடைய மகளுக்கு அறிவித்துவிட்டான். நெஞ்சில் ஒப்பரேசன் செய்த தகப்பன் பீடி குடித்தால் அவள் விடுவாளா? கிழவர் ஏச்சு வாங்கியதைப் பார்த்து, ஸ்கூட்டர் விஷயம் தன் மகனுக்கும் போய்விடும் என்று நானாவும் உஷாராகிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, கமராவின் கண் எட்டாத சுவரடியில் இருக்கிறார்கள். வந்தவர்களுக்குக் கதிரை போடாமல் விட மாமாவுக்கு மனம் வராது. ஆகவே இருக்க ஆளில்லாத இடத்தில் நாள்தோறும் கதிரை போடுகிறார்.

ஜூட்டிடம் உள்ளதைச் சொன்னால் முதியோர் இல்லக் கதை முடிந்துவிடும் என்றேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதையும் தம்பி. எனக்கு விசர் எண்டால் என்ர பிள்ளை மட்டுந்தான் அழுவான். இவை இஞ்ச இருக்கிறது தெரிஞ்சால் இவையும் வராயினம், பிறகு எனக்கு மெய்யாவே விசர் வந்திடும்."

சிஸ்டர் வந்த பின்னேரம்

நான் ஜூட்டிடம் ஏதோ மழுப்பினேன். புகை அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது என்றேன். அவன் நம்பவில்லை. எதிர்ப்பக்க முருங்கையோடு கம்பம் நட்டு, முன்சுவர் முழுக்கத் தெரிகிற மாதிரி இன்னொரு கமரா பூட்டச் சொன்னான். நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வந்து பூட்டுவான். முன்கூட்டியே மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன். இனி அந்த வளவில் ஒளிக்க ஓர் அங்குலம் இல்லை. இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டரும் மாமாவைப் பார்க்க வருவதாக இருந்தது. கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

நாங்கள் போய்ப் படலைக்கு வெளியே நின்றபோது நாலு மணி தாண்டிவிட்டது. முற்றத்தில் மூன்று கதிரையும் துடைத்துப் போட்டபடி. மூன்றிலும் ஆளில்லை. சுவரடியில் மீன்பெட்டியும் இல்லை. காற்று மட்டும் மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் சுவர் பேசத் தொடங்கியது.

"அப்பா... எங்க நிக்கிறியள்? சாப்பிட்டனீங்களே?" கொஞ்ச நேரம் இரைச்சல். "எனக்கு இண்டைக்கு வேலை இல்லை. சும்மாதான் இருக்கிறன். ஏதாவது கதையுங்கோவன் அப்பா." சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் காற்றுக்கு ஒரு கதிரை மணலில் உரசி ஓரடி நகர்ந்தது. சுவர் சட்டென்று நின்று, பிறகு மிக மெதுவாக, "அப்பா? நீங்களே?" என்றது. கதிரை பதில் சொல்லவில்லை. சுவர் விடவில்லை. சின்ன வயதில் அந்த முற்றத்தில் விளையாடியதை எல்லாம் எடுத்துச் சொல்லத் தொடங்கியது. இந்தத் தொழிலில் நான் கேட்டவற்றுள் என்னை மிகவும் பயப்படுத்தியது அந்தக் குரல்தான். அதற்காக வெட்கப்படவும் இல்லை. சிஸ்டர் என்னை வேலியோரம் இழுத்துக் கேட்டார்: "தம்பி, இதில ஆரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவை?"

வருகிறவருக்கு

மாமாவைக் கண்டுபிடிக்கக் கனதூரம் போகவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி, கமரா இல்லாத சந்தியோகு வீட்டில் மூன்று பேரும் தேநீரோடு இருந்தார்கள். சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்டது. சிஸ்டர் அவர்களோடு அரைமணித்தியாலம் இருந்து கதைத்தார். எழும்பும்போது, இவருக்கு இல்லம் தேவையில்லை என்று மகனிடம் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி சொல்லியும் இருக்கிறார். ஜூட் அதற்குப் பிறகு வீட்டைப் பூட்டுகிற கதையே எடுக்கவில்லை. ஆனால் நாலு மணியானால் அந்தக் குரல் முற்றத்தில் கேட்கத்தான் செய்கிறது. அந்த நேரம் அந்த வழியால் போகப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஊரில் சொன்னார்கள்.

போனகிழமை மாமாவிடம் போய், இரண்டு கமராவையும் கழற்றிவிடவா என்று கேட்டேன். கூலி வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் அப்போதுதான் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நண்பர்களிடம் போய்விட்டு அரைமணித்தியாலத்தில் திரும்பிவிடுவாராம், பிறகு இருட்டும்வரை சுவரோடு கதையாம். அப்படியென்றால் யாருமில்லாத நேரத்தில் கதிரை எதற்கு என்றேன். ஒரு கதிரையைத் தூக்கிக் கமராவுக்கு நேரே, நடு முற்றத்தில் வைத்தார்.

"கழட்டாதையும் தம்பி. அவன் அங்க ஒருத்தற்ற வீட்டையும் போறேல்லையாம், அவனிட்டயும் ஒருத்தரும் வாறேல்லையாம். இஞ்ச மட்டுந்தான் நாள் தவறாமல் வாறவன். வாறவனுக்குக் கதிரை போடத்தானே வேணும்."

ஸ்கூட்டர் கூடாது, பீடி கூடாது என்று பெரியவர்களுக்குப் பிள்ளைகள் போடும் கட்டளைகளை இப்போதெல்லாம் நான் காதில் போடுவதே இல்லை, கமரா பூட்டப் போகிற வீட்டில் முதலில் கதிரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை எடுக்கிறேன்.