வயிற்றுக்குள் தோட்டத்துக் காப்பி

முப்பது வருடமாக எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறேன். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறி, உச்சியில் நின்றபடி கீழே இருக்கிறவர்களுக்குப் புத்தி சொல்வது எனக்குப் பிடித்த வேலை. எங்கள் ஊர் தலைச்சோலையில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும், "காலையில வெறும் வயித்துல வரக்காப்பி குடி, சரியாப் போயிரும்" என்பேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். வைத்தியத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

என் முழங்கால் வலிக்கு நானே பார்த்த வைத்தியத்தைச் சொல்கிறேன். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை இரண்டு வருடம் தினமும் பால் சேர்க்காத அதே வரக்காப்பியில் விழுங்கினேன். முழங்கால் நன்றாகவே இருந்தது. போன மாசி மாதம் வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போக ஆரம்பித்தது. இதையெல்லாம் ஆம்பளை வெளியில் சொல்வானா? சொல்லவில்லை. பத்தாம் நாள் பாதி ஏணியில் தலை சுற்றி, இறங்கவும் முடியாமல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே சாக்கு பிடித்திருந்த செபாஸ்டின் கத்தினான்: "ஏனுங்கண்ணா, மரத்துகிட்ட என்ன கொஞ்சலு? அண்ணிகிட்டச் சொல்லட்டுங்களா?"

சொல்லியும் விட்டான். என் மனைவி பொன்னாயி சிரிக்கவில்லை. அவள் துருவித் துருவிக் கேட்டதில் கறுப்பாகப் போகிற விஷயமும் வெளியே வந்தது. எங்கள் அண்ணன் ராமசாமியும் இப்படித்தான் கறுப்பாகப் போவதை மறைத்தார். வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது அவருக்கு மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது. அந்த மூன்று மாதமும் கஞ்சி ஊட்டியவள் பொன்னாயி.

"உங்கண்ணனாட்டமே மூடி வெச்சு, என்னைய உட்டுட்டுப் போலாம்னு பாக்கறீங்களா?"

"அட, வெறும் சூடு புள்ள."

"சூடா இல்லையான்னு டாக்டரு சொல்லட்டும். எந்திரிங்க."

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்ரி என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உடனே பெட்டில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். காலையில் கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். "ராத்திரி பத்து மணிக்கு மேல சோறு, டிபன், தண்ணி எதுவும் கூடாது. வெறும் வயிறா இருக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மலையில் பிறந்தவனுக்கு வெறும் வயிறு என்றால் வரக்காப்பி மட்டும் குடித்த வயிறு. காப்பி சாப்பாட்டில் சேராது, தண்ணீரிலும் சேராது. விடிந்ததும் வாயைத் திறக்காமல், டம்ளர் பிடிப்பது போல விரலை வளைத்து இரண்டு ஆட்டு ஆட்டுவேன். பொன்னாயி காப்பி கொண்டுவருவாள். எங்கள் ஊட்டில் அதுதான் சூரிய உதயம். அன்றைக்கு அவள் குளிக்கப் போயிருந்தாள். சேலத்துக் காப்பியை நம்பாமல் ஊரிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்க் கட்டிலுக்கடியில் இருந்தது. இரண்டு டம்ளர். ஆறினாலும் நம் காப்பி நம் காப்பிதான்.

சற்று நேரத்தில் உள்ளே கூட்டிப் போனார்கள். நர்ஸ் லட்சுமி, "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டது.

"இல்லீங்க."

"தண்ணி?"

"ஒரு சொட்டு இல்லீங்க." அரிச்சந்திரன் மாதிரி சொன்னேன்.

தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, பல்லிடுக்கில் ஒரு வளையத்தைச் செருகி, இடப்பக்கமாகப் படுக்கவைத்தார்கள். குழாய் இறங்கியது. நாற்பதடி மரத்தில் பயப்படாதவன் விரல் தண்டி குழாய்க்குக் கண்ணீர் விட்டேன்.

"டாக்டர், கறுப்பா தேங்கி நிக்குது பாருங்க" என்றது நர்ஸ்.

"பழைய ரத்தமா இருக்கும். மறுபடி கசியுதுன்னு நினைக்கிறேன். சர்ஜனுக்குச் சொல்லுங்க. அவங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, கையெழுத்து வாங்கணும்."

எனக்கு எல்லாம் காதில் விழுகிறது. வாயில் வளையம். விரலை வளைத்து ஆட்டினேன். "கையை ஆட்டாதீங்கய்யா" என்று நர்ஸ் அமுக்கிப் பிடித்தது. இன்னொரு கையால் ஆட்டினேன். "வலிப்பு வருதோ?" என்றது.

ஈரத் தலையோடு அழுதுகொண்டே வாசலுக்கு வந்த பொன்னாயி என் விரலைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"அது ரத்தமில்லீங்கம்மா. காப்பிங்க! இந்த மனுசன் காப்பி குடிச்சிருக்காருங்க!"

உறிஞ்சி எடுத்த பாட்டிலை டாக்டர் முகர்ந்து பார்த்தார். "மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்று என்னைத் திட்டிவிட்டு, குழாயை உருவினார்.

பிளாஸ்க்கைப் பறிமுதல் செய்து, மத்தியானம் மறுபடி குழாயை விட்டார்கள். இரைப்பையில் ஒரு புண், அதில் நிஜமாகவே ரத்தக் கசிவு. கத்தி வைக்காமல், அந்தக் குழாய் வழியாகவே சின்னச் சின்னக் கிளிப் இரண்டு மாட்டி ரத்தத்தை நிறுத்தினார் டாக்டர். ஓரத்தில் துளித் துளியாகச் சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பொன்னாயி எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு என்னென்ன நேர்ந்துகொண்டாள் என்று இன்னும் சொல்லவில்லை.

முடிவைப் படித்த டாக்டர், "புற்று இல்ல. வலி மாத்திரை பண்ணின புண்ணுதான்" என்றார். பொன்னாயி நாற்காலியிலிருந்து எழுந்து, டாக்டர் முன்னாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். நொம்ப நாளாகச் சேர்த்துவைத்த அடி.

புண் ஆறும்வரை வலி மாத்திரையும் கிடையாது, வரக்காப்பியும் கிடையாது. விடிந்ததும் பழக்கத்தில் விரலை வளைத்து ஆட்டுகிறேன். பொன்னாயி டம்ளர் கொண்டுவருகிறாள். உள்ளே கஞ்சி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துக்கொள்கிறேன்.