கதவுத் தட்டலோடு பதிவான பாட்டு

அன்று கொழும்பு கொட்டாஞ்சேனை ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்கள்: பாட ரொஷான், ட்ரம்ஸுக்கு அன்ரன், கிற்றாரோடு நான், பதிவு மெஷினை இயக்க, நாங்கள் சிங்களத்தில் அண்ணன் என்று கூப்பிடும் சுனில் அய்யே. மறுநாள் ரொஷான் லண்டன் போகிறான். அதற்குள் நாங்கள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வாசித்த பிரிட்டிஷ் ரொக் பாட்டொன்றைக் கசெட்டில் பதிய வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குத்தான் காசு கட்டியிருந்தோம்.

கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஆமிக்காரரின் சோதனை என்று பயந்து வாசிப்பை நிறுத்தி, அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். வாசலில் தேநீர்க் கடைப் பெடியன் பால் விடாத பிளேன்டியோடு நின்றான்.

"அவனுக்கு ஐசியைக் காட்டினாத்தான் தேத்தண்ணி தருவான்," என்றான் அன்ரன். எல்லோரும் சிரித்தோம்; மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

நேரமும் முடிந்துவிட்டது. இன்னொரு மணித்தியாலத்துக்கு ரொஷானே கட்டினான்.

"உன்ர பங்கைப் பிறகு தாவன். இப்ப வாசி."

இந்தமுறை கடைசி வரி வரை வாசித்தேன்; முழுப்பாட்டும் கசெட்டின் ஒரு பக்கத்தில் பதிவானது. மறுபக்கத்தில் முதல் பதிவின் அந்தத் தட்டலும் சிரிப்பும் இருக்கின்றன. இப்போது யார் கதவைத் தட்டினாலும் முதலில் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது, பயம் பிறகுதான் வருகிறது. ரொஷானை அதன்பின் நான் காணவில்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் நூற்றைம்பது ரூபாய்.